தற்செயலாய்க் குளத்தடியில்

பெப்ரவரி 18, புதன்

அக்காவிடம் இன்று சொல்லாதது: ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஆள் வருகிறது.

சொல்லச் சந்தர்ப்பம் இருந்தது. படுக்கப் போகும்போது, அவள் தன் நுளம்பு வலைக்குள், நான் என்னுடையதற்குள். "என்னடி, ஏதோ சொல்ல வாறாய்" என்றாள். கையிலிருந்த நாவலைத் தூக்கிக் காட்டி, கதை நன்றாகப் போகிறது என்றேன். பொய் இல்லை. நன்றாகத்தான் போகிறது.

விடியப் பனி. காலை முழுதும் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயாவின் அலுவலகத்தில், ஒரு பழைய காணி உறுதியை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை. வடக்கெல்லை குளம், கிழக்கெல்லையும் குளம். இரண்டு பக்கம் தண்ணீரை அயலாக வைத்திருந்தவர்கள் எவ்வளவு சண்டையில்லாமல் இருந்திருப்பார்கள்.

பின்னேரம் குசினி அடுப்படியில் அம்மாவின் திட்டம் வெளியானது. மாப்பிள்ளை டென்மார்க் (இனி டெ.மா.). சொந்த ஊர் அளவெட்டி. வந்தது கலியாணத்துக்கில்லை, தன் பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு. அடுத்த வியாழன் திரும்பிப் போகிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியவில்லை, ஆகவே துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குள் போக முடியாது, எங்கள் வீட்டுக்கு வருவதும் சரியில்லை. வழக்கமாக நல்லூர்க் கோயில் வீதியில் இரண்டு வீட்டாரும் 'தற்செயலாக' எதிர்ப்படுவார்கள். கோயில் இல்லையென்றால் எங்கே எதிர்ப்படுவது? நான் ஞாயிறு தோறும் நடக்கப் போகும் குளத்தடி அம்மாவின் நினைவுக்கு வந்திருக்கிறது.

"உது பொம்பிளை பாக்கிறதில்லை. நல்ல காரியமெண்டாத்தானே துடக்குக்குள்ளை செய்யக்கூடாது. வழியிலை கண்டு கதைக்கிறது ஒரு காரியமே?"

நொத்தாரிசு ஐயாவே மறுக்க மாட்டார்.

என் பங்கு: அக்காவைச் சொல்லாமல் அழைத்துப் போவது. சொன்னால் வரமாட்டாள். போன வருடம் ஒரு வீட்டார் அவளை வீதியில் பார்த்துவிட்டுப் போய், படத்தில் இன்னும் கொஞ்சம் நிறமாக இருந்தது என்று சொல்லியனுப்பினார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் அக்கா அறிவித்தாள்: இனி என்னைக் கேட்காமல் ஒருவரையும் கொண்டுவந்து காட்டக் கூடாது. நான் அவள் பக்கம் நின்றேன். சத்தமாகவே நின்றேன்.

பிறகு ஏன் இன்று ஓம் என்றேன்? அம்மாவின் முகம். டெ.மா.வின் படத்தில் இருந்த நல்ல முகம். சண்டை வேண்டாம் என்ற சோம்பல். எல்லாக் காரணங்களையும் எழுதினால் என்னைப் பற்றி நல்லபடியாக வராது.

கலியாணம் சரிவருமா என்ற பயம் எனக்கு இல்லை. அக்காவுக்கு இந்த வீட்டில் யோசிக்காமல் நம்பக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அந்த நம்பிக்கையைத்தான் ஞாயிற்றுக்கிழமை பணயம் வைக்கப் போகிறேன்.


பெப்ரவரி 19, வியாழன்

வெயில். தலைமுழுக்கு. முருங்கைக்காய்க் கறியில் உப்புக் கூட.

அக்காவிடம் கேட்டேன், ஞாயிறு குளத்தடிக்கு வருகிறீர்களா என்று. அவள் எதையாவது சாட்டுச் சொல்வாள், நானும் அம்மாவிடம் கையை விரிக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பியிருந்தேன். ரியூசன் பிள்ளைகளின் கணக்குத் தாள்களிலிருந்து நிமிராமலே, "நீ கூப்பிட்டு நான் எப்ப வராமல் விட்டனான்?" என்றாள்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது.


பெப்ரவரி 21, சனி

வாங்க வேண்டியவை: நுளம்புச் சுருள், எனக்கு நீலப் பேனை, அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கூடு. மூன்றையும் மறந்து சீப்பு வாங்கி வந்தேன்.

அம்மா அக்காவின் மாம்பழ நிறச் சுடிதாரை அயர்ன் பண்ணிக் கதிரையில் தொங்கவிட்டிருக்கிறார். நாளைக்கு அதைப் போட்டால் என்ன என்று போகிற போக்கில் கேட்டார். "தவளைக்கு முன்னாலை மினுக்கிக் கொண்டு போகவோ?" என்று அக்கா சிரித்தாள். அம்மாவும் சிரிக்க முயன்றார். அப்பா பேப்பருக்குள்.

நாவலில் எல்லாரும் நடன மண்டபத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு தாய் தூணோரம் நின்று கண்ணாலேயே எல்லாரையும் இடம் மாற்றுகிறாள். அந்தத் தாயை எனக்கு நன்றாகத் தெரியும்.


பெப்ரவரி 22, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும். பின்னேரமாகிவிட்டது.

நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டும் வரை நல்ல பனி. அக்கா ஸ்கூட்டி ஓட்டினாள். பழைய ரீ-சேர்ட், வீட்டுச் செருப்பு. குளத்தடியில் வெயில் விழத் தொடங்கியிருந்தது.

இந்த இடத்தைப் பற்றி ஒன்று. சின்னக் குளம், சுற்றிவரக் கோரையும் சதுப்பும், அதைச் சுற்றி ஒரு மண்பாதை. வாசல் கேற்றடியில் பலகை, அதில் அம்புக்குறி வலப்பக்கம் காட்டும். கொழும்பிலிருந்து வந்தவர்கள் நட்டது. ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. எல்லாரும் இடப்பக்கம் திரும்பி, குளத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கோயில் வீதி சுற்றுவது போலத்தான் சுற்றுவார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள்கூட. கேற்றில் இருக்கும் அண்ணை அம்புக்குறியைச் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டார். "சாமி இல்லையெண்டு சொன்னாலும் கேக்கினமில்லைத் தங்கச்சி."

நாங்களும் இடப்பக்கம் திரும்பினோம்.

கண்டவை: முக்குளிப்பான், தாழைக்கோழி, ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று, தண்ணீரில் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்ற கொக்கு, பெயர் தெரியாத தவிட்டு நிறக் குருவி ஒன்று. நெற்றி வெள்ளையான கறுப்புப் பறவையைக் காட்டி அக்கா கேட்டாள். நாமக்கோழி என்றேன். எங்கள் ஊர் ஆட்கள் பெயர் வைத்திருந்தால் திருநீற்றுக்கோழி என்றிருப்பார்கள் என்றாள். நல்ல மனநிலை. அல்லி பூத்திருந்த இடமெல்லாம் நின்று படம் எடுத்தாள். ரியூசனில் ஒரு பெடியன் விடை தெரியாத கணக்குக்குக் கீழே 'கடவுள் துணை' என்று எழுதி வைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் முழுதாகக் காதில் விழவில்லை.

ஏனென்றால் அவர்களை நான் கண்டுவிட்டேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேரெதிரே: வெளிர் சேலை உடுத்த ஒரு தாய், தொப்பி போட்ட உயரமான மகன். அவர்களும் வலமாக. நாங்கள் பாதிச் சுற்று வந்தால் அவர்களும் பாதிச் சுற்றுப் போயிருந்தார்கள். ஒருமுறை அவர்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கிட்ட வரவும், காத்திருந்த மாதிரித் தெரியக் கூடாதென்றோ என்னவோ, தாய் எழும்பி முன்னால் நடந்தார். எனக்கும் கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. ஒரு மீன்கொத்தியைக் காட்டி அக்காவை நிற்பாட்டினேன். அப்படியே ஒரு முழுச் சுற்று.

போன் அதிர்ந்தது. அம்மா ஒரு விரலால் எழுதுவார், ஆகவே சுருக்கம்.

"எங்கை"

"நில்"

நின்றேன். கோரைப் பக்கத்து மரப்பாலத்தில். எதிர்க்கரையில் அவர்களும் நின்றார்கள். தாயின் காதிலும் போன். அம்மா அவருக்கும் நில்லுங்கோ என்று சொல்லியிருக்கிறார். இரண்டு கரையிலும் நாங்கள் நின்று வாத்துகளைப் பார்த்தோம். வாத்துகள் எங்களைப் பார்த்தன.

"ஏன் நிக்கிறாய் நட"

நடந்தோம். அவர்களும் நடந்தார்கள்.

"திரும்பி வா"

அடுத்த நொடியே: "வேண்டாம் இடம் சுத்தாதை துடக்கு வேறை"

பிறகு மறுபடி: "நில்". திரும்ப மரப்பாலத்தடியில்.

குசினியிலிருந்தபடியே அம்மா இரண்டு வீட்டாரையும் நிறுத்தினார், நடத்தினார். சந்திக்க வைக்க மட்டும் முடியவில்லை.

அக்காதான் முதலில் பேசினாள். பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, மிக மெதுவாக.

"அங்காலை நிக்கிற ரெண்டு பேரும் நாங்கள் நிண்டால் நிக்கினம். நடந்தால் நடக்கினம். நீ போனைப் பாக்கேக்கை அந்த அம்மாவும் போனைப் பாக்கிறா." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஆர் சுமி அவை?"

சொன்னேன். டென்மார்க், அளவெட்டி, துடக்கு, அம்மா. கடைசியாக, "அம்மா சொல்ல வேண்டாமெண்டவ. ஆனால் சொல்லாமல் விட்டது நான்தான்."

மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்து வெறும் வாயோடு மேலே வந்தது. எனக்கு எங்காவது பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு வகுப்புக் குரலில்: "வட்டமான பாதை. ரெண்டு பகுதி. ஒரே திசை, ஒரே வேகம். எப்ப சந்திப்பினம்?"

"சந்திக்க மாட்டினம்."

"என்ரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையள் சொல்லும். ரெண்டு வீட்டார் சேர்ந்து விடியத் துவங்கி உதைச் செய்யிறியள்."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை எழுதவே வெட்கம். திரும்பி நடந்தால் இடம் சுற்றுவதாகிவிடுமே என்றேன். அலுமாரி நிறையப் புத்தகம் படித்த நான். அக்கா பார்த்த பார்வை!

"நீ இதிலையே நில்" என்றாள். திரும்பி நடந்தாள். தனியே. குளத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, செருப்பு பட்டுப்பட்டென்று அடிக்க. எதிரே ஓடிவந்த ஒருவர் அவளுக்காக விலகி, நின்று திரும்பிப் பார்த்தார்.

மருதமரத்தடியில் அவர்கள் எதிர்ப்பட்டார்கள். அங்கே ஒரு வாங்கு. பேச்சு எனக்குக் கேட்காது, தூரம். அக்கா ஏதோ சொன்னாள். தாய் கையை வாயில் வைத்தார். மகன் தொப்பியைக் கழற்றினார். அக்கா அவர் பக்கம் திரும்பி இன்னும் ஏதோ சொன்னாள், சின்னதாக. அவர் தலையாட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், நான் பஸ்ஸில்தான் என்று நினைத்தேன்.

போகவில்லை. தாய் வாங்கில் அமர்ந்தார். அக்காவும் அவரும் நடக்கத் தொடங்கினார்கள். நான் நிற்கும் பக்கமாக.

என்னைக் கடக்கும்போது அவர் சொல்லிக்கொண்டு வந்தது: "அங்கை மாரிக் குளிரிலை எங்கடை வீட்டடிக் குளம் உறைஞ்சு போகும். மேலாலை நடக்கலாம்."

அக்கா: "குறுக்காலையோ? அப்ப ஒருதருக்கும் சுத்தத் தேவையில்லை."

அவர் சிரித்தார். அவளும். எனக்கு அவர் தலையசைத்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் போய்த் தாயின் பக்கத்தில் இருந்தேன். நல்ல மனுசி. செருப்பைக் கழற்றிக் காலை உருவிக்கொண்டு சொன்னார்: "உங்கடை அக்காவுக்குத் தெரியாதாமே பிள்ளை. எங்களுக்கு அப்பிடி ஒருதரும் சொல்லேல்லை. தெரிஞ்சிருந்தா நான் வரமாட்டன்." பிறகு, "உங்கடை அம்மா நில்லெண்டா நிக்கிறதும் நடவெண்டா நடக்கிறதும்... என்ரை முழங்கால் போச்சு." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிச் சிரித்தார். செத்தவீட்டுக்காரர் வெளியில் சிரிப்பதை யாரும் பார்க்கக் கூடாதே. நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டாம் சுற்றிலும் அவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். ஏதோ பஸ் கதை.

வரும் வழியில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாழைத் தோட்டங்கள் எல்லாம் எனக்கு அவள் முதுகுதான்.

வீட்டுப் படலையில் அம்மா. அதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது: இரண்டு சுற்று, சிரித்துக் கதைத்தார்களாம். அக்கா உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினாள். அம்மா பாயாசத்துக்குச் சவ்வரிசி இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.


பெப்ரவரி 23, திங்கள்

முகில். மழை இல்லை.

இன்று அக்கா தானாக என்னோடு பேசியவை, முழுவதும்: "தள்ளு." "லைற்." "அது என்ரை துவாய்."

அம்மாவோடு நன்றாகப் பேசுகிறாள். அதுதான் இன்னும் கரைச்சல். டெ.மா. பற்றிக் கேட்டால் "நல்ல ஆள்" என்கிறாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அதுவே போதும். பஞ்சாங்கத்தை எடுத்து ஆவணி மாதத்தைப் பார்க்கிறார். குசினியில் பாட்டு.

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். தாளில் பிழை போட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சொல்லும் சரி.


பெப்ரவரி 24, செவ்வாய்

நொத்தாரிசு ஐயா அந்தப் பழைய உறுதியின் மொழிபெயர்ப்பில் ஒரு வரி விடுபட்டதாகச் சொன்னார். நான்தான் விட்டிருக்கிறேன். மேற்கெல்லை. யார் காணி என்றே போடாமல் விட்டிருக்கிறேன்.

நாவல் திறக்கவில்லை. மத்தியானம் புட்டும் வாழைப்பழமும். வீடு முழுக்கச் சந்தோசம், எங்கள் அறையைத் தவிர. அக்கா போய்விட்டால் அந்த அறை எனக்கு மட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியொரு அறைக்கு முன்னர் எவ்வளவு ஆசைப்பட்டேன். இப்போது வேண்டாம். இப்படி வாங்கியது வேண்டாம்.


பெப்ரவரி 26, வியாழன்

டெ.மா. காலை கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டார். அம்மா அவர் தாய்க்குப் போன் எடுத்தார்; சுருக்கமாகப் பேசினாராம், களைப்பாக்கும் என்றார் அம்மா.

பின்னேரம் அலுவலக வாசலில் அக்காவின் ஸ்கூட்டி. கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறாள். "ஏறு" என்றாள். தானாகப் பேசியதில் நான்காவது.

நீர்வேலியில் தெருவோரக் கடையில் நிறுத்திக் கதலிச் சீப்பு ஒன்று வாங்கினாள். ஸ்கூட்டியில் சாய்ந்தபடியே ஒரு பழத்தை உரித்தாள்.

"நான் அவருக்கு இல்லையெண்டு சொல்லிட்டன்."

"எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை. மருதமரத்தடியிலை, முதல் நிமிசமே. தாய்க்குக் கேக்காமல்."

எனக்கு விளங்கவில்லை. இரண்டு சுற்று நடந்தீர்களே, சிரித்தீர்களே என்றேன்.

"இல்லையெண்ட பிறகு அவர் என்னைப் பாக்கிறதுக்கும் நான் அவரைப் பாக்கிறதுக்கும் ஒண்டும் இல்லைத்தானே. சும்மா நடந்தம். நல்லா இருந்தது, சுமி." கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கும் நல்லா இருந்திருக்கும். வந்த நாள் துவங்கி மூண்டு இடத்திலை தற்செயலாய் நிக்க வைச்சிருக்கினம் அவரை."

அவர் நல்ல ஆள்தான். ஆனால் டென்மார்க் வேண்டாமாம். ரியூசன் பிள்ளைகளை ஓ.எல். சோதனை வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்றாள். பிறகு தானே, அதுவும் சாட்டு என்றாள். "எனக்கு இஞ்சை பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். இதை ஒருதரும் காரணமெண்டு எடுக்க மாட்டினம்."

தாய்க்குத் தானே சொல்வதாகவும், எங்கள் வீட்டில் அவள் சொல்லும் வரைக்கும் ஒன்றும் வெளியே விட மாட்டேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

"பேந்து ஏன் இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லேல்லை? அம்மா பஞ்சாங்கம் பாக்கிறா."

"நீங்கள் எத்தினை நாள் எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தியள்? புதன், வியாழன், வெள்ளி, சனி." விரல் விட்டாள். "நானும் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். கணக்குச் சரி."

உரித்த பழத்தில் பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு நாளைக்கு நான் சொல்லுவன். நீ வாய் திறக்கக் கூடாது. ஏலுமோ?"

"ஏலும்."

"அதுதானே. அதிலை நீ கெட்டிக்காரி."

குத்தல்தான். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள். வரும் வழி முழுக்க அந்தக் 'கடவுள் துணை' பெடியனின் புதுக் கதை. இந்த முறை எல்லாம் காதில் விழுந்தது.


பெப்ரவரி 27, வெள்ளி

சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேசையில், மரக்கறிச் சோறு போட்ட பிறகு.

அம்மா கரண்டியைக் கறிச்சட்டியில் வைத்தார். கேட்டது ஒன்றுதான்: "அப்ப ஏன் சிரிச்சனீ?"

"பகிடி சொன்னார். சிரிச்சன்."

கொஞ்சம் அழுகை. பிறகு கோபம், எங்கள் இருவர் மீதும், துடக்கு மீதும், டென்மார்க் மீதும். பிறகு ஒரு முடிவு கிடைத்தது அவருக்கு: அக்கா குளத்தை இடமாகச் சுற்றியதால் வந்த வினை. அதைக் கண்டுபிடித்ததும் முகம் தெளிந்தது. குற்றம் ஒருவரிலும் இல்லை, பாதையில்தான்.

அக்கா: "அடுத்த முறை எனக்குச் சொல்லிப்போட்டுக் கூப்பிடுங்கோ அம்மா. வாறனோ இல்லையோ நான் சொல்லுறன்."

அடுத்த முறை என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டார். பஞ்சாங்கம் அலுமாரிக்கு மேலே போனது, உள்ளே வைக்கவில்லை.

அப்பா பேப்பரை மடித்துவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது.

நுளம்புச் சுருள் இன்னும் வாங்கவில்லை. நாவலில் பதினைந்து பக்கம்.


மார்ச் 1, ஞாயிறு

அக்கா என்னை எழுப்பினாள். "குளத்தடிக்குப் போவம், எழும்பு."

பனி குறைவு. தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. கரையில் புதுச் சேறு, அதில் குச்சிக்கால் உள்ளான்கள். ஊசிவால்கள் பாதிக்கு மேல் போய்விட்டன.

கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அக்கா கேட்டாள்.

"இண்டைக்கு ஆரும் வருகினமோ?"

"இல்லை."

"போனைக் காட்டு" என்று கேட்பாள் என்று எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தலைமயிரைக் கட்டிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.

இரண்டு சுற்று நடந்தோம். ஒருவரும் வரவில்லை.